ஏசி ஓடுகிறது, குளிரவில்லை, பில் ஏறுகிறது: செட்டிநாட்டு வீடுகளுக்குப் பிழை நீக்கும் வழிமுறை

ஏசி சரியாகக் குளிரவில்லை என்று சொன்னதும் காரைக்குடிப் பக்கத்தில் முதலில் வரும் பதில், "கேஸ் குறைஞ்சிருக்கும், ஏத்திரலாம்" என்பதுதான். வீட்டுக்காரரும் சரி என்கிறார். கொஞ்ச நாள் தேவலை போல இருக்கும், அடுத்த ஈபி பில் வரும்போது பழைய கதைதான். கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. குறையாத மிஷினில் ஏற்றினாலோ, கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸருக்குச் சுமை கூடி, கரண்டை இன்னும் அதிகமாக இழுக்கும்.

இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் நான் உறுதியாகச் சொல்வது இது: ஏசியும் ஃபிரிட்ஜும் செய்கிற வேலை, ஓரிடத்துச் சூட்டை எடுத்து இன்னோரிடத்தில் கொட்டுவது. அந்தச் சூடு போகிற வழியில் தடை இருந்தால்தான் கரண்ட் வீணாகும். ரூம், உள்ளே இருக்கும் காயில் (கேஸ் ஓடும் குழாயும் மெல்லிய தகடுகளும் சேர்ந்த பகுதி), வெளியே இருக்கும் காயில், அதற்கப்பால் திறந்த வெளி. இந்த நான்கில் எங்கே அடைத்திருக்கிறது என்று அறிகுறியைப் பார்த்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். செலவில்லாத சோதனையை முதலில் செய்யுங்கள், கேஸ் சிலிண்டர் கடைசியில் வரட்டும்.

ஒரு எச்சரிக்கை. மூடியைத் திறக்கிற எந்த வேலைக்கும் முன்னால் ஏசிக்கான எம்சிபியை, அதாவது மெயின் பெட்டியிலுள்ள பிரேக்கர் ஸ்விட்சை, இறக்கிவிடுங்கள். ஸ்விட்சை அணைத்த பிறகும், மோட்டாரைக் கிளப்ப உதவும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். அதைத் தொடுவது பழகிய மெக்கானிக்கின் வேலை.

எதையும் தொடுவதற்கு முன்: எவ்வளவு இழுக்கிறது?

பில்லை மட்டும் பார்த்து ஏசியைக் குற்றம் சொல்ல முடியாது. பில் இரண்டு மாதக் கணக்கு என்பதால், ஊரிலிருந்து வந்து தங்கியவர்கள், மோட்டார், கீசர் எல்லாம் அதில் கலந்திருக்கும். அதனால் மீட்டரிடமே கேளுங்கள். இப்போதுள்ள டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை தடவை சிமிட்டும் என்பதும் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும், 3,200 அல்லது 1,600 என்பது போல.

வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஏசியை மட்டும் ஓடவிட்டு, கால் மணி நேரம் கழித்து ஒரு நிமிடத்துக்கு எத்தனை சிமிட்டல் என்று எண்ணுங்கள். அதை 60-ஆல் பெருக்கி, உங்கள் மீட்டரில் அச்சிட்ட எண்ணால் வகுத்தால் கிலோவாட். 3,200 மீட்டரில் நிமிடத்துக்கு 80 சிமிட்டினால் 1.5 கிலோவாட், அதாவது ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட். ஒன்றரை டன் பழைய மாடல் ஏசிக்கு இது வழக்கமான அளவு. கம்ப்ரஸர் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் ஏசி என்றால் ரூம் குளிர்ந்த பிறகு இந்த எண் நன்றாக இறங்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கும் அதே வேகத்தில் சிமிட்டுகிறது என்றால் எங்கோ தடை இருக்கிறது, கீழே உள்ள அறிகுறிகளில் தேடுங்கள்.

எல்லாவற்றையும் அணைத்த பிறகும் விளக்கு விடாமல் சிமிட்டினால் அது ஏசிக் கோளாறே இல்லை. நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு தாண்டிப் பின்கட்டு வரை பல தலைமுறை வயரிங் ஓடுகிறது. எங்கோ கசிகிறது, அல்லது மறந்துபோன ஒரு மோட்டார் ஓடுகிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதை முதலில் சரி செய்யுங்கள்.

இந்த எண்ணை ஒரு தாளில் குறித்து வைப்பது முக்கியம். எந்த வேலை செய்தாலும் அதற்கு முன்னும் பின்னும் எண்ணிப் பாருங்கள். வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு விலை கூடுவதோடு, கீழ்ப்படியில் கிடைத்துவந்த சலுகையிலும் ஒரு பகுதி போய்விடுகிறது. 480-க்கும் 520-க்கும் நடுவில் இருக்கிற வீட்டுக்கு ஒரு காயில் கழுவியதே பில்லை ஒரு படி இறக்கிவிடும்.

அறிகுறி: ராத்திரி நன்றாகக் குளிர்கிறது, மத்தியானம் திணறுகிறது

செட்டிநாட்டில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். காரணம் பெரும்பாலும் வெளியே இருக்கும் அவுட்டோர் யூனிட் வைத்த இடம்.

வீட்டு முகப்பின் அழகு கெடக்கூடாது என்று யாருமே அவுட்டோரைத் தெருப்பக்கம் வைப்பதில்லை. நியாயமான கவலைதான், நானும் வைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு மாற்றாக அது போய்ச் சேருகிற இடம் இரண்டு வீட்டுச் சுவருக்கு நடுவிலுள்ள சந்து, அல்லது பின்கட்டில் மூன்று பக்கம் மூடிய ஒரு மூலை, இல்லாவிட்டால் அழகுக்காகச் செய்த மரச்சட்டத்துக்குப் பின்னால். அவுட்டோர் கக்குகிற சூடான காற்று எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி, அதன் முதுகுப் பக்கமே மறுபடி உள்ளே போகிறது. பழைய வீட்டை விடுதியாக மாற்றிய இடங்களில் ஒரே சந்தில் ஆறேழு யூனிட்டை வரிசையாக வைத்திருப்பார்கள். ஒன்று விட்ட மூச்சை அடுத்தது இழுக்கும். கடைசியில் இருக்கும் யூனிட்தான் பாவம், அந்த ரூமிலிருந்துதான் எப்போதும் புகார் வரும்.

சோதிப்பது சுலபம். சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று போதும். மதியம் இரண்டு மணிக்கு, ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது, அவுட்டோருக்குள் காற்று நுழைகிற பின்பக்கத்தில் ஒரு அளவு எடுங்கள். தள்ளிப் போய் மரநிழலில் இன்னொன்று. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். நிழலில் 38 டிகிரியும் அவுட்டோருக்குப் பின்னால் 44-ம் காட்டினால் சூடு சுற்றிச் சுற்றி வருகிறது என்று அர்த்தம். சூட்டைக் கொட்டுகிற இடத்தில் ஒரு டிகிரி ஏறினால் கம்ப்ரஸரின் கரண்ட் சுமார் 2 முதல் 3 சதவீதம் கூடும். ஆறு டிகிரி என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். குளிரும் அந்த அளவுக்குக் குறையும், அதனால் ஓடுகிற நேரமும் நீளும்.

சரி செய்ய, முதலில் மறைப்பை எடுங்கள். மரச்சட்டம் வேண்டுமென்றால் பட்டைகளுக்கு நடுவில் நிறைய இடைவெளி விட்டு, காற்று வெளியேறும் முன்பக்கம் முழுக்கத் திறந்திருக்கும்படி அமையுங்கள். சந்தில்தான் வைத்தாக வேண்டும் என்றால் தரையிலிருந்து தூக்கி, கூரை மட்டத்துக்கு மேலே சூடு போகும்படி ஸ்டாண்டில் ஏற்றுங்கள். பலர் வெயில் படக்கூடாது என்று நான்கு பக்கமும் தகரம் அடித்துவிடுகிறார்கள். நிழல் நல்லதுதான், ஆனால் நிழலா காற்றா என்று கேட்டால் நான் காற்றைத்தான் சொல்வேன். மேலே மட்டும் உயரமாக ஒரு தட்டி போதும்.

இடம் சரியாக இருந்தும் திணறினால் காயிலைப் பாருங்கள். நம்முடையது செம்மண் பூமி. கோடையில் எழும்பும் சிவப்புத் தூசி அவுட்டோரின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் போய் அடைந்துகொள்கிறது. முதல் மழைச் சாரல் பட்டதும் அதுவே பூச்சுப் போட்ட மாதிரி இறுகிவிடும். டார்ச் அடித்துப் பார்த்தால் ஒளி மறுபக்கம் தெரியவில்லையா, அடைத்திருக்கிறது. எம்சிபியை இறக்கிவிட்டு, மென்மையான பிரஷால் தகடு போகும் திசையிலேயே மேலிருந்து கீழாகத் தட்டி, அப்புறம் சாதாரணக் குழாய்த் தண்ணீரை உள்ளிருந்து வெளியே போகும்படி பாய்ச்சுங்கள். மின் இணைப்புள்ள பக்கம் தண்ணீர் படக்கூடாது. வண்டி கழுவுகிற பிரஷர் பம்பை நேராக அடித்தால் தகடுகள் மடிந்து, அழுக்கைவிட மோசமான அடைப்பாகிவிடும். கோடை தொடங்குமுன் மாசியில் ஒரு தடவை, ஆடிக் காற்று ஓய்ந்ததும் ஒரு தடவை கழுவினால் போதும். மெயின் ரோட்டை ஒட்டிய வீட்டுக்கு இன்னும் ஒன்று.

அறிகுறி: காற்றே குறைவாக வருகிறது, அல்லது காயிலில் ஐஸ் கட்டுகிறது

ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். இதற்கு மெக்கானிக் தேவையில்லை, பத்து நிமிட வேலை. தண்ணீரில் கழுவி நிழலில் காயவைத்து மாட்டுங்கள். வெயிலில் காயவைத்தால் பிளாஸ்டிக் வளைந்து, ஓரத்தில் இடைவெளி விழுந்து, தூசி அதன் வழியாகக் காயிலுக்குப் போகும். ஏசி தினமும் ஓடுகிற மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை.

ஃபில்டர் சுத்தமாக இருந்தும் காற்று குறைவு என்றால் உள்ளே உருளை வடிவில் சுற்றும் ப்ளோயரைப் பாருங்கள். அதன் இதழ்களில் பஞ்சு மாதிரி அழுக்கு ஒட்டியிருக்கும். மேலோட்டமாகச் சர்வீஸ் செய்துவிட்டுப் போகிறவர்கள் இதைத் தொடுவதே இல்லை. காயிலை மட்டும் நனைத்துவிட்டு "முடிஞ்சது" என்பார்கள். ப்ளோயரைக் கழற்றிக் கழுவச் சொல்லிக் கேளுங்கள்.

ஐஸ் கட்டினால், எங்கே கட்டியிருக்கிறது என்பதுதான் சாட்சி. காயில் முழுக்கப் பரவலாகக் கட்டியிருந்தால் காற்றோட்டக் குறைவு, ஃபில்டரும் ப்ளோயரும்தான் காரணம். காயிலின் ஒரு மூலையில் மட்டும், அல்லது அவுட்டோர் பக்கத்திலுள்ள மெல்லிய குழாயின் வால்வில் பனி பூத்திருந்தால் கேஸ் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். எதுவானாலும் ஐஸைக் கத்தியால் சுரண்டாதீர்கள், காயில் ஓட்டையாகிவிடும். குளிரை நிறுத்தி ஃபேன் மோடில் மட்டும் ஓடவிட்டால் தானாகக் கரையும்.

எல்லாம் சுத்தமான பிறகு ஒரு கடைசிச் சோதனை. 18 டிகிரியில் வைத்துக் கால் மணி நேரம் ஓடவிட்டு, மேலே உள்ளே போகும் காற்றையும் முன்னால் வெளியே வரும் காற்றையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி இருந்தால் மிஷின் நன்றாகவே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரம் அதிகம் இருப்பதால் ஒன்றிரண்டு டிகிரி குறைவாகக் காட்டலாம், கவலை வேண்டாம். இந்த அளவு சரியாக இருக்கும்போது யாராவது கேஸ் ஏற்ற வேண்டும் என்றால் மறுத்துவிடுங்கள்.

அறிகுறி: மிஷின் நன்றாக இருக்கிறது, ரூம் மட்டும் குளிரவே மாட்டேன் என்கிறது

"வீடு உசரம் தம்பி, அதான்" என்று ஆச்சிமார் சொல்வார்கள். பாதி உண்மை. பத்துக்குப் பன்னிரண்டு அடி ரூமில் பதினாலு அடி உயரத்துக்கு உள்ள காற்றின் எடை ஐம்பது கிலோ சொச்சம்தான். அந்தக் காற்றை மட்டும் பத்து டிகிரி குளிரவைக்க ஒன்றரை டன் ஏசிக்கு இரண்டு நிமிடம் போதும், ஈரத்தையும் சேர்த்தால் இன்னும் சில நிமிடம். ஆகவே உயரத்தில் இருக்கிற காற்று பெரிய சுமை இல்லை. பகலெல்லாம் வெயில் குடித்த கனமான செங்கல் சுவரும், மேல்தளமும், காற்று ஒழுகும் சந்துகளும்தான் சுமை.

சந்துகளை முதலில் பாருங்கள். நம் வீட்டு ரூம்களில் கூரைக்குக் கீழே வென்டிலேட்டர் இருக்கும், கீழே தேக்குக் கதவுக்கும் நிலைப்படிக்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி இருக்கும். குளிர்ந்த காற்று கனமானது. அது கதவின் அடியில் வழிந்து வளவுக்கு, அதாவது நடு முற்றத்துக்குப் போகிறது. போன அளவுக்கு மேலே வென்டிலேட்டர் வழியாகச் சூடான காற்று உள்ளே இறங்குகிறது. ஏசி இல்லாத காலத்தில் ரூமுக்கு மூச்சாக இருந்த அதே அமைப்பு ஏசி ஓடும்போது குளிரைக் கொண்டுபோகிற வழியாகிறது. மேலே கீழே இரண்டையும் அடைத்தால்தான் பலன். ஊதுபத்தி ஒன்றைப் பற்றவைத்துக் கதவின் அடியில் பிடித்துப் பாருங்கள், புகை போகிற திசை சொல்லிவிடும்.

வென்டிலேட்டரை நிரந்தரமாகப் பூசி மூடாதீர்கள். அளவெடுத்து வெட்டிய அக்ரிலிக் தகட்டை ஒரு மெல்லிய சட்டத்தில் பொருத்தி, கழற்றி மாட்டும்படி வையுங்கள். பர்மாத் தேக்கில் ஆணி அடிக்கத் தேவையில்லை, ரப்பர் பட்டை இறுக்கமே தாங்கிக்கொள்ளும். கதவின் அடியில் பிரஷ் பட்டை ஒட்டலாம். காலையில் எழுந்ததும் எல்லாவற்றையும் திறந்து ரூமைக் காற்றாட விடுங்கள்.

அடுத்தது சூடு பிடித்த சுவர். மேற்குப் பார்த்த மாடி ரூமில் ராத்திரி ஒன்பது மணிக்கு ஏசி போட்டால், முதல் ஒரு மணி நேரம் சுவரையும் கூரையையும் குளிரவைப்பதிலேயே போகிறது. சாயங்காலம் வெயில் இறங்கியதும் ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போட்டு, தேங்கிய சூட்டை முதலில் வெளியேற்றுங்கள். மொட்டைமாடிக்கு வெள்ளை அடிப்பது கோடையில் மிக நல்ல பலன் தருகிற, செலவு குறைந்த வேலை. சுண்ணாம்போ வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சோ, வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். மழைக்காலம் முடிந்ததும் அழுக்கைத் தேய்த்துக் கழுவிவிட்டு மறுபடி அடியுங்கள்.

எந்த ரூமுக்கு ஏசி என்பதிலும் கொஞ்சம் யோசிக்கலாம். வளவைச் சுற்றியுள்ள கீழ்த்தள உள்ரூம்களுக்கு வெயில் படுகிற சுவர் குறைவு, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் சூடேறாது. அங்கே ஒரு டன் ஏசி செய்கிற வேலையை மாடியில் இரண்டு டன் செய்யத் திணறும். பட்டாலையை ஏசி போட்டுக் குளிரவைக்கப் பார்ப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். முற்றத்தைப் பார்த்துத் திறந்த இடம் அது, எத்தனை டன் போட்டாலும் வானத்துக்குத்தான் போகும்.

இன்னொன்று, 16 டிகிரியில் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்ற நம்பிக்கை. பழைய மாடல் ஏசியில் கம்ப்ரஸருக்கு ஒரே வேகம்தான். 16-ல் வைத்தாலும் 24-ல் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிரும், 16-ல் வைத்தால் நிற்காமல் ஓடும், அவ்வளவே. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்லும் கணக்கு. 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் முத்திரையோடு விற்கும் ரூம் ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதியும் வந்தது. 26-ல் வைத்து ஃபேனை மிதமாக ஓடவிடுங்கள். முழு வேகம் வேண்டாம், கூரையடியில் நிற்கிற சூட்டையும் கீழே இறக்கிவிடும். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், புதிய பிஎல்டிசி ஃபேன் சுமார் முப்பது வாட்டில் ஓடிவிடும்.

அறிகுறி: நின்று நின்று ஓடுகிறது

அவுட்டோர் பக்கத்தில் நின்று, எது நிற்கிறது என்று கவனியுங்கள். பழைய மாடலில் கம்ப்ரஸரும் ஃபேனும் சேர்ந்து நின்றால் ரூம் குளிர்ந்துவிட்டது என்று ஏசி நினைக்கிறது. உண்மையிலேயே குளிர்ந்திருந்தால் சரி. குளிராமலே நிற்கிறது என்றால், வெளிவந்த குளிர்காற்று திரைச்சீலையிலோ அலமாரி மேலோ பட்டு உடனே திரும்பி சென்சாரை ஏமாற்றுகிறது. முன்னாலுள்ள தடையை எடுங்கள். சின்ன ரூமுக்குப் பெரிய ஏசி போட்டிருந்தாலும் இப்படித்தான் ஆகும், கூடவே உடம்பு பிசுபிசுக்கும்.

ஃபேன் ஓடிக்கொண்டே இருக்க, கம்ப்ரஸர் மட்டும் உறுமி "டக்" என்று நின்றால் அது சூடாகித் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. அடைத்த காயில், குறைந்த வோல்டேஜ், பலவீனமான கெப்பாசிட்டர் என்ற இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். கெப்பாசிட்டரின் மேல் அச்சிட்ட அளவைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் மாற்றிவிட வேண்டும். சின்னச் செலவுதான். அதைக் கவனிக்காமல் விட்டுக் கம்ப்ரஸர் எரிந்து, புது ஏசி வாங்கிய வீடுகள் இருக்கின்றன.

இன்வெர்ட்டர் ஏசி நின்றால் உள்ளே காட்டும் எர்ரர் எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். அவுட்டோர் போர்டுக்குள் பல்லியும் எறும்பும் புகுவது இங்கே சகஜம், வயர் நுழையும் துளைகளை அடைத்துவிடுங்கள்.

அறிகுறி: போன வருடம்தான் கேஸ் போட்டது, மறுபடி குறைகிறது

ஓட்டையை அடைக்காமல் ஏற்றியிருக்கிறார்கள். இது உங்கள் பணத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. ஆர்-410ஏ கேஸ் ஒரு கிலோ காற்றில் கலந்தால் சுமார் இரண்டாயிரம் கிலோ கரியமிலவாயு செய்கிற அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். ஆர்-32 ஒரு கிலோ என்றால் 675 கிலோவுக்குச் சமம்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியது நான்கே வேலை. நைட்ரஜன் அழுத்தம் ஏற்றி சோப்பு நுரையால் ஒவ்வொரு இணைப்பையும் பார்க்க வேண்டும், முக்கியமாக இரண்டு முனையிலும் குழாயை இறுக்கிப் பிடிக்கும் ஃப்ளேர் நட்டுகளை. ஆக்ஸிஜன் சிலிண்டரால் அழுத்தம் ஏற்ற ஒருபோதும் விடாதீர்கள், எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். ஓட்டையை அடைத்த பிறகு வேக்குவம் பம்ப் போட்டுக் குழாயைக் காலி செய்ய வேண்டும். கொஞ்சம் கேஸை விட்டே காற்றைத் தள்ளி வெளியேற்றுகிற பழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. உள்ளே மிஞ்சும் காற்றும் ஈரமும் அவுட்டோரில் அழுத்தத்தை ஏற்றி, ஏசியின் ஆயுள் முழுக்கக் கரண்டைத் தின்னும். கடைசியாக, கேஸைத் தராசில் எடை போட்டு ஏற்ற வேண்டும். எவ்வளவு என்று அவுட்டோர் யூனிட்டின் தகட்டிலேயே இருக்கும். இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரஸர் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் கேஜில் அழுத்தத்தை மட்டும் பார்த்து ஏற்றுவது குருட்டுக் கணக்கு.

நம் வீடுகளுக்கென்று ஒரு தனிக் கவனிப்பு உண்டு. அவுட்டோரைப் பின்கட்டில் மறைப்பதால் செம்புக் குழாய் நீண்டுவிடுகிறது. கம்பெனி நிரப்பி அனுப்பும் கேஸ் சில மீட்டர் குழாய்க்கு மட்டும்தான். அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் எத்தனை கிராம் சேர்க்க வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும், கேட்டு வாங்குங்கள். இரண்டு குழாய்க்கும் தனித்தனியாக இன்சுலேஷன் வேண்டும். வெயிலில் அது பொரிந்து உதிர்ந்திருந்தால் மாற்றி, மேலே டேப் சுற்றுங்கள். உள்ளே வரும் குழாயில் இன்சுலேஷன் இல்லாத இடத்தில் தண்ணீர் கோத்து, முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய அந்தப் பழைய சுண்ணாம்புச் சுவரில் இறங்கும். அந்தப் பூச்சு ஒரு தடவை உப்பினால் அதே பளபளப்பில் திருப்பிப் பூச ஆள் கிடைப்பது கஷ்டம். குழாய்க்குச் சுவரைத் துளைப்பதைவிட வென்டிலேட்டர் சட்டத்தின் ஓரமாகக் கொண்டுபோவது எப்போதும் மேல்.

அறிகுறி: ஃபிரிட்ஜ் ஓய்வே இல்லாமல் ஓடுகிறது

ஒரு காகிதத்தைக் கதவு இடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை. கதவின் நான்கு பக்கமும் இப்படிச் செய்யுங்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்தால் பாதி ரப்பர்கள் மறுபடி பிடித்துக்கொள்ளும், மசாலாப் பிசுக்குதான் காரணமாக இருக்கும்.

இடம் சரியா பாருங்கள். அடுப்புக்குப் பக்கத்தில், சுவரோடு ஒட்டி வைத்த ஃபிரிட்ஜ் சூட்டை எங்கே கொட்டும்? பின்னால் ஒரு சாண் இடம் விடுங்கள். பின்பக்கம் கறுப்புக் கம்பி வலை இருந்தால் தூசி தட்டுங்கள். இப்போதுள்ள பல மாடல்களில் அந்தக் குழாய் பக்கவாட்டுத் தகடுகளுக்கு உள்ளே ஓடுகிறது, அதனால் பக்கங்கள் சுடுவது கோளாறு இல்லை. அந்தப் பக்கங்களில் அரிசி மூட்டை சாய்த்து வைத்தால்தான் கோளாறு.

கொதிக்கிற குழம்பை அப்படியே உள்ளே வைக்காதீர்கள், ஆறவிட்டு மூடி வையுங்கள். மூடாத பாத்திரத்திலிருந்து எழும் ஈரம் அப்படியே ஃப்ரீசரில் பனியாகும். கீழ்த்தட்டு 4 டிகிரி, ஃப்ரீசர் மைனஸ் 18 போதும்.

அறிகுறி: மேலே கல்லாக உறைகிறது, கீழே பால் திரிகிறது

பனி கட்டாத வகை ஃபிரிட்ஜில் இது வந்தால், பின்தகட்டுக்கு உள்ளே ஐஸ் மூடிக் குளிர்காற்று இறங்கும் வழியை அடைத்திருக்கிறது. பொருளை எல்லாம் எடுத்துவிட்டு, பிளக்கைக் கழற்றி, கதவைத் திறந்து ஒரு நாள் முழுக்க விடுங்கள். மறுபடி போட்டதும் சில நாள் நன்றாக ஓடி, பிறகு அதே கதை என்றால் ஐஸைக் கரைக்கும் ஹீட்டரோ அதன் சென்சாரோ போயிருக்கிறது. சின்ன பாகம்தான். கேஸ் பிரச்சினை என்று யாராவது சொன்னால் இந்த ஒரு நாள் சோதனை முடிவைச் சொல்லுங்கள்.

கேஸ் வேலை உண்மையிலேயே தேவைப்பட்டால் பின்னால் ஒட்டிய சீட்டைப் படியுங்கள். ஆர்-600ஏ என்று இருந்தால் அது தீப்பிடிக்கும் கேஸ். அடுப்படியில் உட்கார்ந்து கேஸ் இருக்கும்போதே பற்றவைப்புக் குழலைப் பிடிக்க விடக்கூடாது. அதற்குப் பதில் ஆர்-134ஏ நிரப்பவும் கூடாது. அந்தக் கம்ப்ரஸர் அதற்குச் செய்யப்பட்டதில்லை.

அறிகுறி: பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குப் பில் வருகிறது

கல்யாணத்துக்கும், முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் மட்டும் திறக்கிற வீடுகள் இங்கே நிறைய. ஃபிரிட்ஜைக் காலி செய்து, துடைத்து, பிளக்கைக் கழற்றி, கதவு மூடாதபடி ஒரு துணிச் சுருளை இடுக்கில் வைத்துவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். ஏசியை ரிமோட்டால் மட்டும் அணைத்தால் போதாது, எம்சிபியையும் ஸ்டெபிலைசரையும் இறக்குங்கள். திரும்பி வந்ததும் ஏசி எம்சிபியைப் போட்டுச் சில மணி நேரம் கழித்து ஓட்டுவது கம்ப்ரஸருக்கு நல்லது.

அறிகுறி: மெஸ், பேக்கரி ஃப்ரீசர் குளிரவில்லை

கடைகளில் காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: அடியில் இருக்கும், சூட்டை வெளியே கொட்டும் கண்டென்சர் காயில். எண்ணெய்ப் புகையும் மைதா மாவும் செம்மண் தூசியும் சேர்ந்து கம்பளி மாதிரி மூடியிருக்கும். பிரஷால் வராது, காயில் கிளீனர் தெளித்து ஊறவிட்டுக் கழுவ வேண்டும். சமையல்கட்டில் நிற்கும் ஃப்ரீசருக்கு மாதம் ஒரு முறை.

உள்ளே பனி விரல் கனம் சேரும்வரை காத்திருக்காமல் கரைத்துவிடுங்கள். மெல்லிய பனியே குளிரைத் தடுக்கும், அரை சென்டிமீட்டரைத் தாண்டவிடாதீர்கள். கண்ணாடிக் கதவு வைத்த கூலரை மேற்கு வெயில் படும் வாசலில் வைத்திருந்தால் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள், இல்லையென்றால் மூன்று மணிக்குமேல் ஒரு திரை இறக்குங்கள். மாமிசம், மீன் வைக்க, மேலே திறக்கும் பெட்டி ஃப்ரீசரே சிக்கனம். மூடியைத் திறந்தாலும் கனமான குளிர்காற்று உள்ளேயே தங்கும். அதை வாங்கும்போது கரி அடுப்புக்கு எதிர்ச் சுவரில் இடம் பார்த்து, பிளக் பாயிண்டையும் அங்கேயே போட்டு வையுங்கள்.